ஜூன் பதினான்காம் தேதிக் குப்பி

"ஏளா, ஒங்க அண்ணன் மருந்துல என்னத்தக் கலந்துட்டான்?"

சென்ற செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி என்னிடம் இப்படிக் கேட்டார். வரிசையில் இருபது பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணன் மெல்வினை வேலைக்கு வர வேண்டாம் என்று முந்தின நாள் அனுப்பிவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும். அவன் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், வலைக் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டு, "திங்கக்கெழம சொல்லுவாங்களாம்" என்றான். அதற்கு மேல் பேசவில்லை. ஒரே நாளில் புன்னைக்காயல் முழுக்க அது 'மருந்தில் எதையோ கலந்துவிட்டான்' என்று ஆகியிருந்தது.

அந்தக் கேள்விக்கான பதிலை இப்போது எழுதுகிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். அறிவியல் எனக்குப் பாதிதான் புரியும். அதனால் அண்ணனிடமும் ஜீவமணி அக்காவிடமும் திரும்பத் திரும்பக் கேட்டு, எனக்குப் புரிந்த பிறகே ஒவ்வொன்றையும் எழுதுகிறேன். இது அண்ணனைப் பற்றிய கதை அல்ல. ஜீவமணி அக்காவைப் பற்றியது.

ஜீவமணி அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. ஊர் நாசரேத். அப்பா கணக்கு வாத்தியார், கணவர் தேவபிரசாதம் சாத்தான்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர், ஒரே மகள் ஜெப்ஸி நர்சிங் படிக்கிறாள். அக்கா விலங்கியல் முதுகலை முடித்துவிட்டுக் கடற்கரையில் ஒரு இறால் குஞ்சுப் பண்ணையில் பதினொரு வருடம் வேலை பார்த்தார். இறால் குஞ்சுகளுக்கு வைரஸ் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது அவர் வேலை. இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் குஞ்சு விற்கும். அவர் எழுத்தை நம்பிக் குஞ்சு வாங்கியவர்கள் யாரும் சண்டைக்கு வந்ததில்லை என்று அண்ணன் சொல்வான். பண்ணை மூடியதும், தூத்துக்குடி சிப்காட் பக்கம் காசிலிங்கம் என்பவர் தொடங்கிய சிறிய நிறுவனத்தில் சேர்ந்தார். அது நான்கு வருடத்துக்கு முன்பு. காசிலிங்கத்தின் குடும்பம் உப்பு வியாபாரம். அவர் மட்டும் வேதியியல் படித்துவிட்டு, உப்பில் சம்பாதித்ததையெல்லாம் இதில் போட்டிருந்தார். மொத்தம் பதினான்கு பேருக்கு அங்கே வேலை.

அங்கே செய்வது ஒரு புரதம். நம் உடம்பில் சிவப்பு அணுக்கள் உண்டாக வேண்டும் என்று எலும்பு மஜ்ஜைக்குச் சொல்கிற புரதம் அது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது போதிய அளவு சுரக்காது, ரத்தம் குறைந்துகொண்டே போகும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதை ஊசியாகப் போடுகிறார்கள். அதைத் தொழிற்சாலையில் சாமான்களைக் கலந்து செய்துவிட முடியாது. உயிருள்ள செல்தான் செய்ய வேண்டும். பாக்டீரியாவிடம் கொடுத்தால் அதுவும் செய்யும். ஆனால் அந்தப் புரதத்தின் மேல் ஒட்ட வேண்டிய சர்க்கரைச் சங்கிலிகளை அதற்கு ஒட்டத் தெரியாது. சங்கிலி இல்லாத புரதம் உடம்பில் தங்காது. அதனால் ஒரு பாலூட்டியின் செல் வேண்டும். சீனத்து வெள்ளெலி ஒன்றின் சினைப்பையிலிருந்து பல வருடங்களுக்கு முன்னால் எடுத்த செல்கள் இன்னும் உலகமெங்கும் குடுவைகளில் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்குள் மனிதனின் மரபணுவைச் செலுத்திவிட்டால், அவை நம் புரதத்தைச் செய்து, தாம் மிதக்கிற திரவத்தில் விட்டுவிடும். திரவத்தை வடிகட்டிப் புரதத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தச் செல்கள் கைக்குழந்தையைவிட மோசம் என்பான் அண்ணன். சூடு முப்பத்தேழு டிகிரியில் நிற்க வேண்டும். குடுவை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை அவற்றைப் பிரித்துப் புதிய திரவத்தில் விட வேண்டும். வடிகட்டிய காற்று மட்டும் வரும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். ஹூட் என்று அதைச் சொல்கிறார்கள். அந்த நிறுவனத்தில் ஹூட்டுக்குள் கை விடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஜீவமணி அக்கா, மற்றவன் மெல்வின். சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் செல்களைச் சுண்டு விரல் அளவுக் குப்பிகளில் அடைத்து, தேதியும் பெயரின் முதல் எழுத்தும் எழுதி, திரவ நைட்ரஜனுக்குள் உறைய வைப்பார்கள். பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் பழைய குப்பியிலிருந்து தொடங்கலாம்.

அக்கா செல்களைப் பிள்ளைகள் என்றுதான் சொல்வார். அண்ணன் அதை வைத்தே அவரைக் கேலி செய்வான். "அக்கா, ஒங்க பிள்ளைகளுக்குப் பசிக்காம், அழுதுட்டுக் கெடக்கு" என்று காலையில் வாசலிலேயே சொல்வானாம். அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. முகக்கவசத்துக்குள்ளும் பாடிக்கொண்டிருப்பான்.

ஆகஸ்டு மாதம் செல்கள் மெதுவாக வளரத் தொடங்கின. ஒரு நாளில் இரண்டு மடங்காக வேண்டியவை ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டன. புரதமும் பாதியாகக் குறைந்தது. வழக்கமாகக் கிருமி புகுந்தால் திரவம் கலங்கும். இது கலங்கவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தாலும் சுத்தமாகத் தெரிந்தது. தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள், வாயு உருளையைச் சந்தேகப்பட்டார்கள், மின்வெட்டைச் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் சென்னைக்கு மாதிரி அனுப்பினார்கள். செப்டம்பரில் முடிவு வந்தது. மைக்கோபிளாஸ்மா.

அது பாக்டீரியாதான். ஆனால் மிகவும் சிறியது, அதற்குச் செல்சுவரே கிடையாது. வடிகட்டியிலும் நுழைந்து போய்விடும். பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. செல்லைக் கொல்லாமல், அதன் சாப்பாட்டைப் பங்குபோட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் தெரியாமல் கூடவே இருக்கும். அதில் பல வகை உண்டு. இங்கே வந்திருந்த வகை எங்கே குடியிருக்கும் என்பதையும் சென்னைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். மனிதனின் வாயில். நம் எல்லார் வாயிலும் அது இருக்கலாம், நமக்கு ஒன்றும் செய்யாது.

வாய் என்றதும் எல்லாரும் அண்ணனைத்தான் பார்த்தார்கள். ஆகஸ்டில் அவனுக்குச் சளியும் பிடித்திருந்தது.

"ஒரு நாளாவது வாய மூடிட்டு வேல பாத்திருக்கியால?" என்று காசிலிங்கம் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். முகக்கவசத்தைக் கழற்றியதே இல்லை என்று அண்ணன் சொன்னான். "கடக்கரையில கத்திப் பேசுத மாதிரியே இங்கனயும் பேசுனா கவசம் எம்புட்டுத்தான் தாங்கும்?" என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். ஜீவமணி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அப்போது மெல்வின்தான் என்று நம்பினார். இதை அவரே என்னிடம் சொன்னார். எழுதும்போது விட்டுவிடாதே என்றும் சொன்னார்.

புரதத்தை வாங்குவதாக இருந்த ஐதராபாத் நிறுவனம், திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் தொற்று வந்த காரணத்தை எழுத்தில் கேட்டிருந்தது. அண்ணனை வீட்டுக்கு அனுப்பிய வியாழக்கிழமையே காசிலிங்கம் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டார். ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் ஆகஸ்டில் தொற்று புகுந்தது, அவர் நீக்கப்பட்டார், ஜூலை மாதக் குப்பிகளிலிருந்து மீண்டும் தொடங்குகிறோம். அடியில் ஆய்வகப் பொறுப்பாளர் என்ற இடத்தில் ஜீவமணி அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அது போய்விட்டால் அண்ணனுக்கு அந்த வேலை மட்டுமல்ல, இந்தத் துறையில் எந்த வேலையும் கிடைக்காது. எங்கள் வீட்டில் கடலுக்குப் போகாமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா தனியாக ஹூட்டின் முன் உட்கார்ந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நாசரேத்தில் அக்கா வீட்டார் ஜெபம் பண்ணாமல் எதையும் தொடங்க மாட்டார்கள். பஸ் ஏறும் முன், பரீட்சைத் தாளைத் திருப்பும் முன், புது அரிசி மூட்டையைப் பிரிக்கும் முன்கூட ஒரு சின்ன ஜெபம் இருக்கும். அக்கா இறால் பண்ணையிலும் தொட்டியின் அருகே நின்று இரண்டு கைகளையும் கூப்பி, விரல் நுனியை உதட்டில் வைத்து, வாய்விட்டு ஜெபித்துவிட்டுத்தான் குஞ்சுகளைத் தொடுவார். கடல் தண்ணீரில் அதனால் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பழக்கம் அப்படியே இங்கும் வந்தது. கவசம் போடுவார், கையுறை போடுவார், கையுறை மேல் ஸ்பிரிட் அடிப்பார். எல்லாம் தயாரான பிறகு, வேலைக்குச் சற்று முன்னால் ஜெபம். வாயைக் கட்டிக்கொண்டு ஆண்டவரிடம் பேசுவது மரியாதையாகத் தோன்றாததால், அரை நிமிடம் கவசத்தைத் தாடைக்கு இறக்குவார். ஜெபம் முடிந்ததும் கவசத்தை ஏற்றிவிட்டு, நேரே குடுவையை எடுப்பார்.

அன்று மெல்வினுக்காகவும் ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, தன் நீலக் கையுறையின் விரல் நுனிகளில் ஈரம் மின்னுவதைப் பார்த்தார்.

ஸ்பிரிட் அடித்தது அதற்கு முன்னால். கை உள்ளே போகப் போவது இப்போது.

அக்கா கையை உள்ளே விடவில்லை. கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, குப்பிகளின் பதிவேட்டை எடுத்தார்.

ஜூன் மாதம் எங்கள் பெரிய அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அதற்காக மெல்வின் ஜூன் நான்கு முதல் பதினைந்து வரை விடுப்பில் இருந்தான். அந்த நாட்களில் ஹூட்டுக்குள் போன ஒரே கை ஜீவமணி அக்காவுடையது. ஜூன் மூன்றாம் தேதி, விடுப்புக்கு முந்தின நாள், இருவரும் சேர்ந்து சில குப்பிகளை உறைய வைத்திருந்தார்கள். அவற்றில் இரண்டு எழுத்துகள் இருந்தன. ஜூன் பதினான்காம் தேதி, அதே செல்களிலிருந்து அக்கா தனியாக மூன்று குப்பிகள் வைத்திருந்தார். அவற்றில் 'ஜீ' என்ற ஒரே எழுத்து. மூன்றாம் தேதிக் குப்பி சுத்தமாக இருந்து, பதினான்காம் தேதிக் குப்பியில் கிருமி இருந்தால், அது ஆகஸ்டுச் சளியால் வந்ததாக இருக்க முடியாது. மெல்வினால் வந்ததாகவும் இருக்க முடியாது.

சனிக்கிழமை இரண்டு குப்பிகளையும் உருக்கிச் சோதித்தார். கொரோனாக் காலத்தில் எல்லாரும் கேள்விப்பட்ட பி.சி.ஆர். சோதனைதான். கிருமியின் மரபணு துளி இருந்தாலும் அதைக் கோடிக்கணக்கில் பெருக்கி, ஒரு கூழ்த் தகட்டில் ஒளிரும் கோடாகக் காட்டிவிடும். இறால் பண்ணையில் அவர் ஆயிரக்கணக்கான முறை செய்த வேலை. நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கோடு வரக் கூடாது என்று ஜெபிக்கத் தோன்றியதாம். ஆனால் கோடு வராவிட்டால் மெல்வின் போவான். எதைக் கேட்பது என்று தெரியாததால் ஜெபிக்காமலே இருந்தேன் என்றார்.

மூன்றாம் தேதி இடத்தில் ஒன்றும் இல்லை. பதினான்காம் தேதி இடத்தில் கோடு இருந்தது.

தகடு பிழையாக இருக்கலாம் என்று இன்னொரு முறை செய்து பார்த்தார். மாலை ஆறு மணிக்கு அதே கோடு திரும்பவும் வந்தது.

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. சோதனை செய்யச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. தகட்டைக் கழிவு டப்பாவில் போட்டுவிட்டால் அதோடு முடிந்தது. அக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு காசிலிங்கத்தின் அறைக்குப் போனார்.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, எழுந்து கதவைச் சாத்தினார்.

"இத வேற யார்ட்டயும் சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப சொல்லாதீங்க. மூணாம் தேதிக் குப்பியில இருந்து ஆரம்பிப்போம். ஏன்னு நாம எழுத வேண்டாம்."

ஐதராபாத்காரர்கள் எல்லாக் குப்பிகளின் சோதனையையும் கேட்பார்கள், பதினான்காம் தேதிக் குப்பியில் தன் எழுத்து மட்டும் இருப்பது தெரிந்துவிடும் என்று அக்கா சொன்னார்.

"மிச்சம் ரெண்டுதான கெடக்கு. அரை மணி நேரம் மேசையில எடுத்து வச்சா செத்துப் போகும். பெறகு குப்பையில போட்டுருங்க." காசிலிங்கம் குரலைத் தாழ்த்திப் பேசினார். "மெல்வின் போனா வேற பையன் கெடைப்பான். ஐதராபாத்காரன் ஒங்க கையெழுத்தப் பாத்துத்தான் நம்புதான். அதுல அழுக்குப் பட்டா பதினாலு வீட்டுல அடுப்பு எரியாதும்மா."

அவர் சொன்னது பொய் இல்லை என்பது அக்காவுக்கும் தெரியும்.

"ஜெபம் பண்ணுனதால மருந்து கெட்டுச்சுன்னு எழுதப் போறீங்களா? ஊரு சிரிக்கும். ஒங்க சர்ச்சுலயே ஒங்கள விட்டு வைக்க மாட்டாங்க" என்றார் அவர்.

"ஜெபத்தால கெடல சார், என் வாயால கெட்டுது. ஸ்பிரிட் அடிச்ச கைய வாய்ட்ட கொண்டு போனேன். அதத்தான் எழுதுதேன். அந்தப் பையன் மேல பழி போடுத கடிதத்துல என் கையெழுத்து விழாது."

திங்கட்கிழமை வரை யோசிக்கும்படி சொல்லி அனுப்பினார் காசிலிங்கம். பதினான்காம் தேதிக் குப்பிகள் இரண்டும் நைட்ரஜனுக்குள் இருந்தன. அந்த அறைச் சாவி இரண்டில் ஒன்று அவரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் போய் அவற்றை எடுத்துவிட்டால், அக்காவின் பேச்சைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது. அந்த நினைப்போடுதான் அக்கா நாசரேத்துக்குப் பஸ் ஏறினார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல், கையில் பைபிளோடு, இரண்டு பஸ் மாறி எங்கள் தெருவுக்கு வந்தார். வெள்ளைச் சேலையில் ஒரு பெண் மெல்வின் வீடு எது என்று கேட்டு வருவதைப் பார்த்துத் தெருவே எட்டிப் பார்த்தது. நான்தான் கதவைத் திறந்தேன். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசலிலேயே நின்று, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மெல்வின் ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணுனேன். தெரியாமப் பண்ணுனேன், ஆனா நான்தான்."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து அவரைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, "நாலு நாளா எம்புள்ள வெளிய தல காட்டல. ஒங்க ஆண்டவருக்கு இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சோ?" என்றாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அம்மா மேல் கோபமாகவும், அம்மா சொன்னது சரி என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது.

அண்ணன் வெளியே வந்தான். கோடு வந்ததைக் கேட்டதும், அக்காவுடைய முகத்தைப் பார்க்காமல் ஒன்றைச் சொன்னான். அக்கா ஜெபிக்கும்போது அவனும் பின்னால் கவசத்தோடு நின்று சிலுவை போட்டுக்கொள்வான். கை வாயில் படுவதை ஒரு தடவை கவனித்திருக்கிறான்.

"அப்ப ஏம்ல சொல்லல?" என்று அக்கா கேட்டார்.

"ஜெபத்த எப்பிடிக்கா கொற சொல்ல?"

அம்மா உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை அக்காவும் அண்ணனும் ஒரே பஸ்ஸில் போனார்கள். காசிலிங்கம் அவர்களுக்கு முன்பே வந்திருந்தார். நைட்ரஜன் அறை திறந்திருந்தது. அக்கா நேரே உள்ளே போய்ப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கினார். வெள்ளைப் புகை விலகக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு குப்பிகளும் இடத்திலேயே இருந்தன.

"நேத்து வந்தேன்" என்றார் காசிலிங்கம் பின்னாலிருந்து. "மூடியத் தெறந்தேன். பெறகு மூடிட்டேன்." அக்கா கையால் எழுதி வந்த ஒரு பக்கத்தை அவர் வாங்கிப் படித்தார், ஒரு எழுத்தும் மாற்றாமல் தட்டச்சுக்குக் கொடுத்தார். பதினொன்றே முக்காலுக்கு அது போனது. அண்ணனை அன்றே வேலைக்குத் திரும்பச் சொன்னார்.

மூன்று நாள் பதில் இல்லை. அந்த மூன்று நாளும் பதினான்கு பேரும் சத்தமில்லாமல் நடமாடினார்கள் என்றான் அண்ணன். வியாழக்கிழமை ஐதராபாத்திலிருந்து பதில் வந்தது. ஜூன் பதினான்கு முதலான எல்லாக் குப்பிகளையும் அழித்துவிட வேண்டும், மூன்றாம் தேதிக் குப்பியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும், டிசம்பர் வரை அவகாசம். மூன்று மாதம் ஜீவமணி ஹூட்டைத் தொடக் கூடாது. கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. தொற்று எப்போது, எப்படி நுழைந்தது என்று ஆதாரத்தோடு எழுதியதால்தான் அவகாசம் தருகிறோம் என்று.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடவில்லை. அக்காவின் சர்ச்சில் சிலர், ஜெபத்தைக் குற்றம் சொன்னவர் என்று இன்னும் அவரோடு பேசுவதில்லை. அக்கா அதற்காகப் பழக்கத்தை விடவும் இல்லை. வெளி அறையில், கையுறை போடுவதற்கு முன்னாலேயே ஜெபித்துவிடுகிறார். கவசம், கையுறை, ஸ்பிரிட் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த மூன்று மாதம் ஹூட்டுக்குள் போனது அண்ணனின் கை மட்டும். அவன் உள்ளே போகும் முன் அக்கா வெளியே ஜெபிக்க, அவன் அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டு நிற்பான். டிசம்பரில் செல்கள் பழையபடி ஒரு நாளில் இரண்டு மடங்காயின.

ரேஷன் கடையில் என்னைக் கேட்ட பெண்ணிடம் போய் இதைச் சொன்னேன். பாதி கேட்டுவிட்டு, "அப்பிடியா, எங்களுக்கு வேற மாதிரில்லா சொன்னாங்க" என்றார். மருந்து எதுவும் வெளியே போகவே இல்லை, யாருக்கும் ஊசி போடவும் இல்லை என்பதைக்கூட அவர் நம்பினாரா தெரியவில்லை. முதலில் பரவிய பேச்சு புன்னைக்காயலைத் தாண்டி ஆறுமுகநேரி வரை போயிருக்கிறது. போன வாரம்கூட அங்கே ஒருவர் அண்ணனிடம் அதையே கேட்டிருக்கிறார். நான் ஒருத்தி எத்தனை பேரிடம் சொல்ல முடியும்? அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். மெல்வின் மருந்தில் கலந்தான் என்று உங்களிடம் யார் சொன்னார்களோ, அவர்களிடமே இதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். சொல்லும்போது ஜீவமணி அக்கா வாசலில் நின்று சொன்னதையும் விடாமல் சொல்லுங்கள்.